பதினாலாம் நம்பரும் ஒரு பிடிச் சோறும்

எத்தனை ஸ்பானர் வைத்திருந்தாலும் ஒரு மெக்கானிக்கின் கை போவது ஏதோ ஒன்றின் மேல்தான். "எல்லாம் ஒண்ணுதான், எது கெடச்சாலும் வேலை நடக்கும்" என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். ஒன்று, அவன் வேலை செய்கிறவன் இல்லை. அல்லது, நீங்கள் இரவல் கேட்டுவிடுவீர்களோ என்று பயப்படுகிறான். எனக்கு அந்த ஒன்று, பதினாலாம் நம்பர் ராட்செட் ஸ்பானர். இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எங்கே என்று மட்டும் எனக்குத் தெரியாது. என் மனைவி ஒளித்து வைத்திருக்கிறாள்.

அப்போது நான் மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் வண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பிறவியிலேயே பதறுகிற சுபாவம். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பகலில் முறுக்கிய நட்டைக் கனவில் மறுபடி முறுக்குவேன். இப்படிப்பட்டவன் தனக்கென்று ஒரு ராட்செட் வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை லீவுதோறும் அதே கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விடுவார்.

ராட்செட் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்பானரை ஒவ்வொரு திருப்புக்கும் எடுத்து எடுத்து மாட்ட வேண்டும். ராட்செட்டை ஒருமுறை மாட்டிவிட்டால் போதும், கையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கலாம். ஒரு பக்கம் போகும்போது போல்ட் சுற்றும். திரும்பி வரும்போது உள்ளே இருக்கும் பற்கள் 'கிர்ர்ர்' என்று வழிவிடும். அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். ஒன்று சளி பிடித்தவன் போலக் கரகரத்தது. ஒன்று கைப்பிடி வழுக்கியது. ஒன்றுக்குத் தலை தடிமன், சந்து பொந்தில் நுழையாது. கடைசியில் ஒன்று கிடைத்தது. மெலிந்த தலை, உள்ளங்கையில் பாந்தமான கனம், மடியில் கிடக்கும் பூனையின் குறுகுறுப்பு மாதிரி ஒரு சத்தம். (பெண் பார்க்கப் போகிறவர்கள் இவ்வளவு பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகாது.)

கூட வந்திருந்த ஷிபு கேரள எல்லையில் பாறசாலைக்காரன். என் அறையில் இருந்தவன். அவன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"எடா, இதுல லீவர் இல்லல்லா. லீவர் உள்ளத எடு. இது போனா திரிச்சு வராது, கேட்டியா?"

லீவர் என்பது ராட்செட்டின் தலையில் இருக்கும் சின்ன விசை. அதைத் தட்டினால் சுற்றும் திசை மாறும், ஷிபு சொன்ன மாதிரி 'திரிச்சு', அதாவது திரும்பி வரும். லீவர் இல்லாததைக் கழற்றி எடுத்துப் புரட்டிப் போட வேண்டும், அவ்வளவுதானே? எனக்கு லீவர் வைத்த ராட்செட்டைப் பார்த்தாலே மூக்கில் மரு முளைத்த மாதிரி இருக்கும். ஷிபுவுக்கு அழகைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷ லீவில் ஊருக்கு வந்தபோது அம்மா ஒரு போட்டோவைக் காட்டினாள். நெய்யூர்ப் பக்கம் வீடு. பெண் பெயர் அனிதா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்காமல் இல்லை, பிடித்துப் போனதால். அவளுக்கு என்னைப் பிடிக்காவிட்டால்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் எங்கள் மொட்டைமாடியை நடந்தே தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பழைய காரில் கிளம்பினோம். மாமா, அம்மா, நான். அம்மா வழி முழுக்க எனக்குச் சட்டம் படித்தாள்.

"மக்கா, சாயா குடிக்கலாம். முந்திரிக்கொத்து தந்தா ஒண்ணு எடுத்துக்க. சோத்துல மட்டும் கை வைக்கப்பிடாது. கை நனைச்சா காரியம் முடிஞ்சுன்னு அர்த்தம். வீட்டுல போய் ஆலோசிச்சுட்டுதான் நாம சொல்லணும்."

(எங்கள் பக்கத்தில் இது கறாரான வழக்கம். பெண் பார்க்கப் போன வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால் சம்மந்தத்துக்குச் சரி சொன்னதாகவே கணக்கு. பிறகு பின்வாங்கினால் ஊர் வாயை யாராலும் மூட முடியாது.)

நான் தலையாட்டினேன். ஒரு கை பேன்ட் பைக்குள் இருந்தது. பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். நான் ராட்செட்டின் தலையில் போல்ட் மாட்டும் வளையத்தைக் கட்டைவிரலால் சுற்றுவேன். பெண் பார்க்கப் போகும்போது பைக்குள் ஸ்பானரோடு போனவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அனிதா வீட்டுக்கு ஏறும் சரிவில் மாமாவின் கார் கிறீச்சிட ஆரம்பித்தது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. அந்தச் சத்தம் ரப்பர் தோட்டம் முழுக்கக் கேட்டது. கோழிகள் சிதறி ஓடின. பக்கத்து வீடுகளில் ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"எனக்க வண்டி ஒருக்காலும் இப்பிடி கத்தினதில்ல" என்றார் மாமா. "எல்லாம் உனக்க நேரம்."

அனிதாவின் அப்பா ரப்பர் ஷீட் வியாபாரி. பேச்சை அளந்து செலவழிக்கிறவர். "வாருங்க" என்றார், மிச்சத்துக்கு நாற்காலியைக் கையால் காட்டினார். அனிதா சாயாத் தட்டோடு வந்தாள். என் கட்டைவிரல் தன் போக்கில் வேலையைத் தொடங்கிவிட்டது. கிர்ர்ர்.

அவள் அப்பா மேலே நிமிர்ந்து பார்த்தார். "ஃபேனுல என்னமோ சத்தம் வருது."

"கரண்டு கொறவா இருக்கும்" என்று மாமா சமாளித்தார்.

அப்பா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். கூடம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி என்னை இன்னும் பதறடித்தது. கிர்ர்ர். நின்றுபோன ஃபேனை எல்லோரும் பார்த்தார்கள். அனிதா மட்டும் நேராக என் பேன்ட் பையைப் பார்த்தாள். அன்று காலை முழுக்க அவள் என் முகத்தைப் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பெரியவர்கள் சொந்தக்காரர்களின் பெயர்களைச் சொல்லி உறவு தேட ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரே கவலை. திரும்பும்போதும் கார் அதே மாதிரி கத்தினால்? 'ஒரு பெல்ட்டு முறுக்கத் தெரியாதவன், இவனெல்லாம் கல்ஃபுல மெக்கானிக்கா?' என்று நினைக்க மாட்டார்களா? "வண்டிய செத்த பாத்துட்டு வாறேன்" என்று நழுவி முற்றத்துக்கு வந்தேன்.

ஐந்து நிமிட வேலை. பெல்ட் சுற்றுகிற ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டை லேசாகத் தளர்த்த வேண்டும், பெல்ட்டை இழுத்து வைத்து மறுபடி முறுக்க வேண்டும். போல்ட்டோ பதினாலாம் நம்பர்! இது தெய்வச் செயல் என்றே நினைத்தேன். என் ராட்செட்டை மாட்டினேன். அரைச் சுற்று போதும்.

அப்போதுதான் ஜன்னலில் அனிதா நிற்பதைப் பார்த்தேன்.

அரைச் சுற்றோடு நிறுத்த எந்த ஆண்மகனுக்கு மனம் வரும்? கிர்ர்ர், கிர்ர்ர் என்று சுற்றினேன். இடுப்பில் ஒரு கை, ராட்செட்டில் ஒரு கை. கிர்ர்ர். போல்ட் வெளியே வந்துகொண்டே இருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. போல்ட்டின் தலை வண்டியின் சட்டத்தில் போய் முட்டிவிட்டது. நடுவில் என் ராட்செட், அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்ட விரல் மாதிரி.

முன்னால் போகவில்லை. பின்னால் வந்தால் வெறுமனே கிர்ர்ர். லீவர் இருந்திருந்தால் ஒரு தட்டுத் தட்டி, திசையை மாற்றி, போல்ட்டை உள்ளே அனுப்பியிருக்கலாம். லீவர் இல்லாததைப் புரட்டிப் போட வேண்டும். புரட்டிப் போட வெளியே எடுக்க வேண்டும். வெளியே எடுக்க, போல்ட் உள்ளே போக வேண்டும். போல்ட்டை உள்ளே அனுப்ப ராட்செட்டைப் புரட்டிப் போட வேண்டும். ஷிபுவின் குரல் கடல் தாண்டி வந்து காதில் விழுந்தது: இது போனா திரிச்சு வராது, கேட்டியா?

இழுத்தேன். ஆட்டினேன். எண்ணெய் விட்டேன். யாரும் பார்க்காதபோது கெஞ்சியும் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னலே, முடிஞ்சா?"

"மாட்டிக்கிட்டு மாமா."

மாமா பிளையரைக் கொண்டு வந்து போல்ட்டைப் பிடித்துத் திருகினார். அது வழுக்கிக்கொண்டு போய் அவர் விரலைக் கடித்தது. "சவம்!" என்று பிளையரைத் தூக்கி எறிந்தார். அடுத்து அம்மா வந்தாள்.

"பொறப்படுவோம். ஊணு சமயம் ஆவுது."

"வண்டிய எடுக்க முடியாதும்மா. ஸ்டார்ட் பண்ணினா இந்தக் கைப்பிடி பெல்ட்டுல சிக்கி எல்லாம் நொறுங்கிரும்."

"ஆட்டோவுல போவோம். வண்டி இங்க நிக்கட்டு" என்றார் மாமா.

"நல்லா இருக்கே!" என்றாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. "மாப்பிள வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுக்கு கார் சீதனம் குடுத்தாங்கன்னு ஊரெல்லாம் பேசட்டு!"

அடுக்களையிலிருந்து பப்படம் பொரியும் வாசனை வந்தது. பின்னாலேயே எரிசேரி தாளிக்கும் வாசனை. மோந்து பார்த்தாலே கை நனைந்துவிடும் என்பது போல அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. பிடித்துப் போன பெண், அவள் வீட்டு முற்றம், அதில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நான். இந்தப் பிழைப்புக்குச் சம்மந்தம் ஒன்றுதான் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அனிதாவின் அப்பா கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். புது கேட் போட்டபோது வாங்கியதாம். பின்னால் வயரைச் சுமந்துகொண்டு அனிதா. அவர் குனிந்து பார்த்தார். அந்த நாளிலேயே அதிகமாக அப்போதுதான் பேசினார்.

"ரெண்டு வழி உண்டு. ஸ்பானர வெட்டினா போல்ட்டு தப்பும், அத முறுக்கிட்டு வண்டி இப்பவே போவும். போல்ட்ட வெட்டினா ஸ்பானர் தப்பும். ஆனா வேற போல்ட்டு வேணும். இண்ணைக்கு ஞாயித்துக்கெழம, கடை எல்லாம் அடைப்பு. ஆள் விட்டுத் தொறக்கச் சொல்லி வாங்குறதுக்குள்ள ஊணு கழிஞ்சிரும்."

மேலே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. போல்ட்டை வெட்டினால் நாங்கள் தங்க வேண்டும். தங்கினால் உண்ண வேண்டும். உண்டால் முடிந்தது.

அம்மா என் முதுகில் கிள்ளினாள். ஸ்பானர வெட்டச் சொல்லு என்று அர்த்தம்.

அனிதா முதல்முறையாக என்னிடம் பேசினாள். "எத வெட்டணும்? ஸ்பானரயா, போல்ட்டயா?"

நான் ராட்செட்டைப் பார்த்தேன். அத்தனை வெள்ளிக்கிழமைகள். அந்த மெலிந்த தலை. நிமிர்ந்து அனிதாவைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு முடிக்கற்றை வியர்வையில் ஒட்டியிருந்தது. மறுபடி ராட்செட்டைப் பார்த்தேன்.

"போல்ட்ட வெட்டுங்க" என்றேன்.

மாமா வாயெல்லாம் பல்லாக, "மருமவன் மனசு தெரிஞ்சு போச்சு!" என்றார். அனிதாவின் அப்பா சிரித்தார். அவருக்குச் சிரிக்கவும் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது. "அப்ப இலை போடச் சொல்லுதேன்" என்றார். பொறி பறக்க போல்ட் அறுந்து, ராட்செட் என் கையில் விழுந்தது. நான் செய்த முதல் காரியம், அதன் வளையத்தைச் சுற்றிப் பார்த்ததுதான். கிர்ர்ர். ஒரு பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சை அனிதா பார்த்துவிட்டாள்.

இலையில் சோறு விழுந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சோறு மறுபடி வெந்திருக்கும். நான் முதல் பிடியைப் பிசைந்தேன். அம்மாவும் வேறு வழியில்லாமல் பிசைந்தாள். எரிசேரி மட்டும் மறுபடி கேட்டு வாங்கினாள்.

எல்லோரும் கை கழுவினோம். ஈரம்கூடக் காயவில்லை. அனிதா ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தாள்.

"அப்பா, ஷீட் அடிக்கிற மெஷினுக்க பழைய போல்ட்டு. இதுல வல்லதும் ஒண்ணு சேருமான்னு பாக்கச் சொல்லுங்க."

கையை விட்டதும் கிடைத்தது. பழையதைவிடச் சற்றுக் குட்டையான போல்ட். குட்டை என்பதால்தான் அந்தச் சந்தில் நுழைந்தது. அளந்து எடுத்த மாதிரி சேர்ந்தது.

"இது எங்கேட்டி இருந்துது?" என்றார் அவள் அப்பா.

"இங்கதான் இருந்துது" என்றாள் அனிதா.

அம்மா அந்த டின்னையும் தன் ஈரக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பும்போது கார் ஒரு சத்தமும் போடவில்லை. அம்மாவும் போடவில்லை. தக்கலை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "எரிசேரி கொள்ளாம்" என்று மெச்சினாள். சம்மந்தம் அதோடு உறுதியாயிற்று.

லீவு முடிந்து போய் ஷிபுவிடம் கதை முழுவதையும் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "லீவர் உள்ளத எடுத்திருந்தா நீ இப்பவும் பொண்ணு பாத்துட்டு நடப்ப" என்றான்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பதினாலாம் நம்பர் வேலை ஏதாவது வந்தால் அனிதாவிடம்தான் ராட்செட்டைக் கேட்க வேண்டும். வீட்டில் விருந்தாட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பாள்.

"அண்ணைக்கு போல்ட்ட வெட்டச் சொன்னது எனக்கு வேண்டியா, இந்த இரும்புக்கு வேண்டியா?"

"உனக்குதான்" என்று சட்டென்று சொல்ல எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நாக்கு ஒரு விநாடி தடுக்கும். உண்மை என்னவென்று எனக்கே தெரியாது. அந்த ஒரு விநாடிக்காகத்தான் வந்தவர்கள் எல்லோரும் காத்திருப்பார்கள். வீடே சிரிக்கும்.

போன மாதம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் திருப்பிக் கேட்டேன். "அது இருக்கட்டு. அந்த டின்ன சோத்துக்கு முன்னாலயே கொண்டு வந்திருக்கலாம்லா?"

அனிதா ராட்செட்டை என் கையில் திணித்துவிட்டு, "அடுப்புல பாலு பொங்குது" என்று அடுக்களைக்கு ஓடினாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள். "ஏட்டி, பால்காரன் இன்னும் வரவே இல்லியே."