பழி விழுந்த டீ

காலர் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். அன்று காலையில் அது மூன்றாவது ஓட்டம். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

உண்மையைச் சொல்ல வழியில்லை. அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது கணவனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் மருந்தை மாற்றியிருந்தார்கள். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. "கொஞ்ச நாள் குமட்டும், தலை சுத்தும், பயப்படாதீங்க" என்றிருந்தாள் நர்ஸ். குமட்டலுக்கு அவள் பயப்படவில்லை. விஷயம் தெரிந்தால் அவள் தொட்ட கத்தரிக்கோலைக்கூட இங்கே ஒருத்தியும் தொட மாட்டாள். பயமெல்லாம் அதற்குத்தான்.

"டீ ஒத்துக்கல மேடம்," என்றாள்.

அந்த மூன்று வார்த்தை போதுமானதாக இருந்தது. பொத்தான் தைப்பவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னதுக்கப்புறம்தான் தெரியுது. எனக்கும் ஒரு மாதிரி பண்ணுது."

மதியத்துக்குள் ஒன்பது பேர் சுவரோரம் சாய்ந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் டீயே குடிப்பதில்லை.

மேனேஜர் வந்தார். கேன்டீனைப் பூட்டினார். டீ போடும் அக்காவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "நாளையிலேருந்து வராதே" என்றார். அக்கா காய்ந்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலர்காரிக்கு மனசு கேட்கவில்லை. "டீயா இருக்காது சார். தண்ணியா இருக்கும்."

உடனே தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்தார்கள். குழாய் வறண்டது, தையல் நின்றது, ஒன்பது பேர் பதினாறானார்கள். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூணு மணிக்கு லேப்லேருந்து வர்றாங்க. எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. முதல்ல வாந்தி எடுத்தவங்க முதல்ல."

காலர்காரி மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தாள். ரத்தத்தில் எதை எதையெல்லாம் பார்ப்பார்கள்? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டாலே காட்டிக்கொடுத்தது மாதிரிதான்.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது துணிக் கிடங்குக்குள் நழுவினாள். கட்டுகளுக்கு நடுவே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டீ போடும் அக்கா.

"பதினோரு வருஷமா போடறேன். ஒருத்தருக்கு ஒண்ணு ஆனதில்ல."

வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம். "எங்கே அந்தக் காலர் பொண்ணு?" என்றது சூப்பர்வைசரின் குரல்.

அவள் உடைந்துபோனாள். "உங்க மேல தப்பில்லக்கா. நான்தான் பொய் சொன்னேன். நான் ஒரு மாத்திரை சாப்பிடறேன். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க. அதுதான் குமட்டுது."

அக்கா அதைக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"எத்தனை நாளா சாப்பிடறே?"

"ரெண்டு மாசமா."

"அப்போலேருந்தே குமட்டுதா?"

"முதல் ரெண்டு வாரம்தான். அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு. இப்ப பத்து நாளா மறுபடியும்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை அப்பவே அடங்கிப்போச்சுடி. இது வேற ஆளு. உனக்கு எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கு?"