சரஸ்வதி பூஜையில் வைத்த வீடியோ கேம்

மயிலாப்பூர்
22.8.1999

சிங்கப்பூர் ஸ்ரீநாத் மாமாவுக்கு, ஹம்சினி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. கபாலி புண்ணியத்தில் இங்கே அப்பா, அம்மா, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் அப்படியே இருக்கின்றன. அங்கே மாமியும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

ஐப்பசியில் என் கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, சின்ன வயதில் தந்ததுபோல ஒரு வீடியோ கேம் வாங்கி வரட்டுமா என்று வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். மாமா, தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். முன்பு தந்ததால் என்ன நடந்தது என்பதை எட்டு வருஷமாக உங்களிடம் மறைத்துவிட்டோம்.

1991இல் நீங்கள் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. கேசட்டை ஊதிச் செருகுவதும், குள்ள மனிதனைக் குழிகளைத் தாண்ட வைப்பதுமாக நான் இருந்ததில், காலாண்டுப் பரீட்சையில் பூகோளம் முப்பத்தொன்று. கல்லூரியில் ரசாயனம் நடத்தும் உங்கள் அத்திம்பேருக்குத் திட்டத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். அவர் ஒரு யுக்தி செய்தார். சரஸ்வதி பூஜையன்று வைத்ததை யாரும் தொடக்கூடாது அல்லவா, ஒரு நாளாவது வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்று புத்தக அடுக்கின் மேல் பெட்டியைத் தன் கையாலேயே வைத்துவிட்டார். உங்கள் அக்கா அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டாள். கேசட் போடுகிற வாய்க்குள் கொஞ்சம் சந்தனம் போய்விட்டது.

அப்பா மறுநாளை யோசிக்கவில்லை. விஜயதசமி காலையில் அம்மா வீணையை எடுத்தாள், நான் பூகோளத்தை எடுத்தேன், அப்பா எழுந்து போகப் பார்த்தார். அம்மா விடவில்லை. "நீங்க வெச்சதை நீங்கதான் எடுத்து ஆரம்பிக்கணும். சும்மா விட்டா வித்யை போயிடும்னு எல்லாருக்கும் சொல்றவர் நீங்கதானே."

கிழக்கு பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று டிவி மேஜையை இழுத்துத் திருப்பினோம், ஆன்டெனா ஒயர் அறுந்தது. அப்பா ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். முதல் குழியில் விழுந்தார். ஏழு முறை விழுந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதை எப்படிம்மா தாண்டறது?" என்று கேட்டார். அதுவரை அப்பா என்னிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. எனக்குப் பெருமையில் அழுகை வந்துவிட்டது, ஆனால் அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு அவர் அவராக இல்லை. ரெக்கார்டு நோட்டில் குழிகளின் படம் வரைந்தார். திருவல்லிக்கேணி அத்தை பிள்ளையின் நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை வாசிக்க வேண்டியவர் ஆட்டத்தின் ஆறாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டதில், நாங்கள் போனபோது பந்தியே முடிந்திருந்தது. அத்தை இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியில் எட்டாவது கட்டத்துக்கு இரண்டு பேருமாகப் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. அணைத்தால் முதலிலிருந்து ஆட வேண்டுமே என்று, அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் பகலெல்லாம் சூடேறியதில் அடாப்டர் உருகி, பெட்டியும் கெட்டுப்போயிருந்தது. பாண்டி பஜார் ரிப்பேர் கடைக்காரர் பிரித்துப் பார்த்து, "உள்ள இன்னா சார், சந்தனமா கீது?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு முறை பூஜையில் வைத்ததை விலக்கக்கூடாதாம். ஆகவே செத்த பெட்டி வருஷா வருஷம் பூஜைக்கு வருகிறது. வைத்ததை எடுத்து ஆரம்பிக்கவும் வேண்டுமே. டிவியே போடாமல் அப்பா மணையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். நான் பக்கத்தில் இருந்து "குழி வரதுப்பா" என்பேன். அவர் தாண்டுவார். பிறகு பாயசம். வெளியே சொன்னால் யார் எங்களை மதிப்பார்கள்?

இப்போது கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, நாதஸ்வரக்காரருக்குச் சொல்லவில்லை. இந்த நேரத்தில் புதிதாக ஒன்று வந்தால் கன்யாதானத்துக்கு அப்பாவைத் தேட வேண்டியிருக்கும். எனக்கு ஒரு கைக்கடிகாரம் போதும்.

மாமிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் முத்தங்கள். அம்மா உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். தபாலில் போடுவதாக அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், முடித்துக்கொள்கிறேன்.

உங்கள்
ஹம்சினி

பி.கு: சிரஞ்சீவி ஸ்ரீநாத்துக்கு அத்திம்பேர் சுப்பராமன் ஆசீர்வாதம். தாளில் மூன்று விரல்கடை இடம் மிச்சம் இருப்பதால் எழுதுகிறேன். குழந்தை எழுதியது அனைத்தும் உண்மை. நாதஸ்வரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நீ கல்யாணத்துக்கு வருவதை மாற்றி, சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளே வந்துவிடு. வரும்போது இரண்டு பேர் ஆடுகிற மாதிரிப் பெட்டியாகப் பார்த்து வாங்கி வா, அதே கேசட்டும் வேண்டும். அடுத்த விஜயதசமிக்கு அவள் கல்யாணமாகி நாக்பூரில் இருப்பாள். எட்டாவது கட்டத்தை நாங்கள் இன்னும் தாண்டவில்லை.