நாற்பதிலேயே நிற்கும் முள்

கம்பாலா,
வெள்ளிக்கிழமை

மசாகாவில் பௌதிகம் போதிக்கும் மேதகு தம்பி கிபிரிகே அவர்களுக்கு அக்கா நம்போஸே எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீ, உன் மனைவி, மாடுகள் நலமா? விசாரிப்பு முடிந்தது. இனி சண்டை.

ஓடுகிற வண்டியின் முடுக்கத்தை நானே கண்டுபிடித்து, வழிமுறையோடு எழுதி அனுப்பினால்தான் எங்கள் தெருப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி என் பெயரைத் தேர்வுக்குச் சேர்ப்பதாகச் சொன்னாய். முப்பத்தெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்குப் போகப் பௌதிகத்தில் தேறியாக வேண்டுமே என்று பொறுத்துக்கொண்டேன். கடைசி வேகத்தில் முதல் வேகத்தைக் கழித்து, ஆன நேரத்தால் வகுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா?

நேற்று டிரைவர் முக்கீபியின் மினிபஸ்ஸில் முன்சீட்டில் ஏறினேன். வண்டி நகர்ந்ததும் கைபேசியில் நேரத்தைத் தட்டினேன். நாலடி முன்னே போனது, நாலடி பின்னே வந்தது. ஆள் நிரம்பும்வரை கிளம்புகிற மாதிரியே ஆட்டிக்கொண்டிருப்பான், அதை மறந்து தொலைத்தேன். பின்னால் மூன்று பேர் இருக்கிறார்களே என்று நம்பினால், அவர்கள் கூட்டம் காட்ட உட்காரவைத்த ஆட்கள், நிஜப் பயணி வந்ததும் இறங்கிப் போய்விட்டார்கள். ஒருவழியாக வண்டி கிளம்பியபோது வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நாற்பது. நிற்கும்போதும் நாற்பதுதான்.

"முக்கீபி, என்னய்யா இது?"

"அது செத்து நாலு வருஷமாச்சும்மா. அதை ஏன் பாக்குற, ரோட்டைப் பாரு."

நாற்பதில் நாற்பது போனால் பூஜ்யம். முடுக்கமே இல்லையாம்! அப்படியானால் மடியிலிருந்த வாழைத்தார் என் வயிற்றை ஏன் இடித்தது? அதற்குள் கண்டக்டர், "நேரம் குறிக்கிறாங்கப்பா, போலீஸ் ஆளு!" என்று கத்த, பாதி வழியில் என்னையும் தாரையும் இறக்கிவிட்டார்கள்.

விடுவேனா? அங்கேயே வாடகைக்கு ஆள் ஏற்றும் லுபோவாவின் புது மோட்டார்சைக்கிளில் ஏறினேன்.

"எங்கம்மா போகணும்?"

"எங்கேயும் வேணாம். நின்ன இடத்துலேர்ந்து முப்பத்தாறுக்குப் போனா போதும்."

"அப்புறம்?"

"திரும்பி வந்து மறுபடி போகணும்."

"வீட்டுல யாராவது இருக்காங்களாம்மா?" என்று கவலையாகக் கேட்டான், ஆனாலும் போனான். முதல் தடவை பயத்தில் நேரத்தைத் தட்ட மறந்தேன். இரண்டாம் தடவை ஆடு குறுக்கே வந்தது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். ஐந்து நொடி! மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். பத்தை ஐந்தால் வகுத்தேன், இரண்டு. நொடிக்கு நொடி இரண்டு மீட்டர் வேகம் கூடுகிறது. நடுரோட்டில் குதித்தேன், வெட்கமே இல்லை.

ஆகவே உடனே தலைமையாசிரியரிடம் பேசு. இல்லையென்றால் மசாகாவுக்கே வந்து உன் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவேன். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் இரக்கமும் அருளட்டும்.

அக்கா,
நம்போஸே

பி.கு.: இதைக் கொடுத்தனுப்பப் போனால் மசாகா பஸ் இன்னும் நிரம்பவில்லை. சும்மா நிற்பானேன் என்று பள்ளிக்கே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தேன். "இதுக்கு எதுக்கும்மா சிபாரிசு? யார் வேணா எழுதலாமே" என்று அப்போதே பெயரைச் சேர்த்துக்கொண்டார். அடே திருடா! உன் தயவு எனக்கு வேண்டாம், மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. கிழிக்கும் முன்னே ஒன்று மட்டும் சொல்லு, இரண்டு சரிதானே?