ஒரு பக்கச் சீல்

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், கபகாம்பே தன் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் இடது ஃபோர்க்கைக் கழற்றினார். மகள் நசாசிரா கீழ்முனையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான புதுச் சீலின் தலையில் பழைய வளையத்தை வைத்து, தண்ணீர்க் குழாய்த் துண்டால் தட்டித் தட்டி இறக்கினார். ஒழுக்கு நின்றது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

வாசகரே, 'இப்போதைக்குக்காரர்' என்றொரு இனம் உலகெங்கும் உண்டு. அதில் முதல்தரம் உகாண்டாவின் கபாலே மலைச்சாலையில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறது. ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் துடைப்பார், மறுநாளும் துடைப்பார், பிறகு பழைய டியூபைக் கிழித்துக் கட்டுப்போடுவார், சோடா பாட்டிலில் கீற்று வெட்டி, சீலின் இடுக்கில் விட்டுப் பல் குத்துவதுபோல் குத்துவார், அதற்கும் அடங்காவிட்டால் மேலே எண்ணெய் ஊற்றி, அது கீழே ஒழுகுவதைப் பெருமையோடு பார்ப்பார். சீலை மாற்றவே மாட்டாரா? மாற்றுவார். ஒரு பக்கம்.

நசாசிரா தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள். ஜெனரேட்டர் பழுது பார்ப்பவள். அவளால் பொறுக்க முடியுமா?

"அப்பா, எண்ணெய் பிரேக்குக்குள்ள எறங்கினா இந்த எறக்கத்துல வண்டி நிக்காது."

"ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். ஒழுகாம இருந்தாத்தான் பயப்படணும்."

"பின்னாடி ஆளை ஏத்திக்கிட்டுப் போறீங்க!"

"அவங்க சும்மாவா வர்றாங்க? ஜெபம் பண்ணிக்கிட்டேதானே வர்றாங்க."

அவள் சாவியைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள். அதனால்தான் இடது பக்கம் மாறியது.

"வலது?"

"அது தூங்குது. எதுக்கு எழுப்பணும்?"

"சீல் ஜோடியாத்தானே விக்கிறாங்க. இன்னொண்ணு எங்க?"

அவர் சோளக்கஞ்சியைச் சத்தமாக உறிஞ்சினார்.

அந்த இறக்கம் அவரை ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல்தான் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நர்சிடம், "இப்போதைக்குப் பரவாயில்லம்மா" என்றாராம்.

அடக்கம் முடிந்த அன்று, அவருடைய ஸ்டாண்டிலேயே வண்டி ஓட்டும் முஹெரேசா அவளருகில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த இன்னொரு சீல் என் வண்டியில இருக்கும்மா. எங்க ஸ்டாண்டுல ஒரு ஜோடி வாங்கினா ரெண்டு வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம். அடுத்த சந்தையன்னிக்கு இன்னொரு ஜோடி வாங்கலாம்னாரு. அதுல உங்க வலது, என்னோட இடது."

நசாசிரா சத்தமாகச் சிரித்துவிட்டாள். துக்க வீடு திரும்பிப் பார்த்தது.

இப்போது வண்டி அவளுடையது. வலது பக்கம் விழித்துக்கொண்டுவிட்டது. ஏற்றத்தில் ஓட்டுகிறாள், இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். படித்தவள் அல்லவா! காலையில் எழுந்ததும் துணியெடுத்து ஃபோர்க்கைத் துடைக்கிறாள்.

சந்தையன்று முஹெரேசா வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

"வாம்மா, ஜோடி வாங்கப் போவோம்."

"அடுத்த வாரம் போலாம், சித்தப்பா."

"உங்கப்பன் மகதான் நீ!" என்று திட்டிவிட்டுப் போனார்.

அப்பா செய்வதாகச் சொல்லிவிட்டுப் போன வேலைகளில் அது ஒன்றுதான் பாக்கி. முடித்துவிட்டால், அப்புறம் என்ன இருக்கிறது?

சிரிக்காதீர்கள் வாசகரே. உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் துணி சுற்றியிருக்கிறதே, அது யார் வேலை? எப்போது சுற்றியது? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை. வலது பக்கச் சீல் இன்னும் கடையில்தான் இருக்கிறது.