வாசலில் ஆள் எண்ணும் மெஷின்

மில்ஃபோர்க், ஒஹாயோ
வெள்ளிக்கிழமை மாலை

மதிப்புக்குரிய நூலகக் குழுத் தலைவரும் என் அம்மாவின் ஒரே அண்ணனுமாகிய வெர்னான் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகன் கர்டிஸ் பணிவுடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நூலகக் கணினிக்குத்தான் சுகமில்லை. காரணம் நீங்கள்.

போன வசந்தத்தில் வாசலில் ஆள் எண்ணும் மெஷினை மாட்டினீர்கள். "எண்ணிக்கை இல்லாம நிதி கேட்டா கவுண்டி ஆபீஸ்ல சிரிப்பானுங்கடா" என்றீர்கள். அதை விற்ற கம்பெனியின் மென்பொருளைப் பின்னறை லினக்ஸ் பெட்டியில் ஏற்றினேன். வாசகர்களின் எட்டு மேசைக் கணினிக்கும் உயிர் கொடுப்பது அந்த ஒரே பெட்டி. இன்று காலை அதில் லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றினேன். வெள்ளிக்கிழமை அப்கிரேடில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீங்கள் ஆள் குறைத்த பிறகு நூலகம் காலையில் மூடியிருக்கும் ஒரே வேலைநாள் வெள்ளிதான். அப்கிரேட் எண்பத்தேழு சதவீதத்தில் நின்றது. மறுபடி கிளப்பினால் கறுப்புத் திரை. உங்கள் மெஷினின் மென்பொருள், லினக்ஸின் இதயமான கெர்னலுக்குள் ஒரு துண்டைச் செருகி வைத்திருந்தது. புதிய கெர்னலில் அது பொருந்தவில்லை. எனக்கு இடமில்லை என்றால் யாரும் போகக்கூடாது என்று குறுக்கே படுத்துவிட்டது.

ஒரு மணிக்கு டார்லீன் குஸ்மா வந்தாள். பீட்சா ஆலை மூடியதில் வேலை போனவள். வாராவாரம் வெள்ளி ஐந்து மணிக்குள் இணையத்தில் படிவம் நிரப்பாவிட்டால் அந்த வார உதவித்தொகை போச்சு. அவள் போனில் அந்தப் படிவம் திறக்காது. அதை உருவாக்கியவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கணினி இருக்கிறது.

"என்ன டாக்டரே, பொழைக்குமா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன், டார்லீன்."

"ஆலையிலயும் இப்படித்தான் மூணு வாரம் பார்த்துக்கிட்டே இருந்தானுங்க. அப்புறம் பூட்டிட்டானுங்க."

கம்பெனிக்குப் போன் போட்டேன். "புதுப் பதிப்புக்கு எங்க மென்பொருள் இன்னும் வரலை சார்."

"எப்ப வரும்?"

"அது வேற டிபார்ட்மென்ட் சார்."

இணையத்தில் லினக்ஸ்காரர்களின் மன்றத்தில் கேட்டேன். ஒருவன் எழுதினான்: "வெளி மென்பொருளை முதல்ல எடுத்தியா? அப்கிரேட் குறிப்புல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே. படிக்கத் தெரியாதா?" தெரியும். படிக்கவில்லை. நூலகத்தில் சம்பளம் வாங்குகிறவன் இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்.

பழைய கெர்னலில் கிளப்பி, உங்கள் மென்பொருளை வேரோடு பிடுங்கினேன். பாதியில் நின்ற அப்கிரேட் மறுபேச்சில்லாமல் முடிந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு டார்லீன் படிவத்தை அனுப்பினாள்.

ஆகவே மாமா, அந்த மெஷின் இனி இந்தக் கட்டடத்தில் ஓடாது. டார்லீனை எண்ண மெஷின் எதற்கு? ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், வந்து பாருங்கள். அத்தைக்கு என் அன்பு. ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற எண்ணம் இன்னும் இருந்தால், வருகிறேன்.

அன்பும் கோபமும் குறையாத,
கர்டிஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் குழுவின் மின்னஞ்சல் வந்தது. இன்று, வெள்ளி வருகை பூஜ்யம் என்று நான் பிடுங்கிப் போட்ட மெஷின் சொல்கிறதாம். வெள்ளிதோறும் நூலகத்தை மூடிவிடலாமா என்று திங்களன்று வாக்கெடுப்பாம். மேலே எழுதியது அத்தனையும் வாபஸ். புதிய கெர்னலைத் தூக்கிவிட்டு, பழையதிலேயே உங்கள் மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டேன். அருமையான மெஷின். இந்த நிமிடம் வரை இன்றைய வருகை இருநூற்றுப் பன்னிரண்டு. டார்லீன் இன்னும் வாசலில் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருக்கிறாள். "முந்நூறு ஆக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்கிறாள்.