ஆரஞ்சு நாளில் கண் டாக்டரிடம் போகலாமா?

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவனும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருமாகிய நான் எழுதிக்கொள்வது. இன்றைய நிலவரப்படி இங்கே நாங்கள் இருவரும் மஞ்சளாக இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் பச்சையாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. இது அரசாங்கத்துக்கு எழுத வேண்டிய கடிதம். அரசாங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அலுவலகம் பயங்கரவாத எச்சரிக்கை நிலை என்று நான்கு நிறங்களை ஏற்படுத்தி, தொலைக்காட்சியின் மூலையில் ஒரு சின்னச் சதுரமாக ஒட்டி வைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. நிறத்தை முடிவு செய்வது மேலே இருக்கும் பெரிய அதிகாரிகள், நீங்கள் அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவர் மட்டும்தான் என்று நான் தொண்டை வற்றச் சொல்லியும் உங்கள் அக்கா நம்பவில்லை. அவளைப் பொறுத்தவரை அது நீங்கள் அவளுக்கென்று போடும் கடுதாசி. உங்களுக்குத்தான் போன் பேச நேரம் கிடைப்பதில்லையே. பச்சை வந்தால், "தம்பி இன்னைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பான்" என்பாள். ஆரஞ்சு வந்தால், "பாவம், கண்ணை மூடியிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தானும் தூங்க மாட்டாள்.

எனக்கும் நிறங்கள் தெரியாதவை அல்ல. சிவப்பைப் பார்த்தால் பிரேக்கில் கால் வைக்க வேண்டும், பச்சையைப் பார்த்தால் எடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சோறு தின்றவன். உங்கள் ஆரஞ்சுக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது? "மிகுந்த விழிப்புடன் இருக்கவும். கூட்டமான இடங்களைத் தவிர்க்கவும். வழக்கமான பணிகளைத் தொடரவும்." என் வழக்கமான பணியே கூட்டத்தோடு பேருந்தில் ஏறிக் காய்கறி வாங்கப் போவதுதான். நான் எதைத் தவிர்த்து எதைத் தொடர்வது? சிவப்புக்குக் கீழே "பதற்றப்பட வேண்டாம்" என்று இருக்கிறது. பதற்றப்பட வேண்டாம் என்றால் எதற்கய்யா சிவப்பு?

முதல் ஆரஞ்சு அன்றைக்கே எங்களுக்கு விடிந்தது. வங்கியில் நாங்கள் வரிசையில் நிற்கும்போது உங்கள் அக்கா பெஞ்சுக்கு அடியில் ஒரு பையைப் பார்த்துவிட்டு, "கேட்பாரில்லாத பை!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், காசாளர் எழுந்து ஓடினார், காவலாளி அவருக்கு முன்னால் ஓடினார், தெருவையே மறித்துவிட்டார்கள், தலைக்கவசம் மாட்டிய ஒருவர் நீளமான கம்பியோடு தவழ்ந்து போய் அந்தப் பையைத் திறந்தால் உள்ளே ஒரு குடை, ஒரு பழைய ஸ்வெட்டர், பாதி கடித்த ஆப்பிள். "இது யாருது?" என்று அவர் கேட்க, அத்தனை பேருக்கு நடுவில் நான் கையைத் தூக்கினேன். வீடு வரும்வரை வாய் திறக்காதவள், கதவைத் திறந்ததும், "பரவாயில்லைங்க, தம்பி செஞ்ச ஏற்பாடு வேலை செய்யுது" என்றாள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். கண் விஷயம்தான் மனதை அறுக்கிறது. அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் சொன்ன நாளில் போய்ச் சோதித்து, அவர் சொல்கிற சொட்டு மருந்தை விட வேண்டும். அந்த ஆஸ்பத்திரி ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. அதைவிடக் கூட்டமான இடம் ஊரில் இல்லை. போக வேண்டிய நாளில் ஆரஞ்சு. உங்களுக்கு நான் போன் செய்தது நினைவிருக்கும். நீங்கள், "பொதுவா போகலாம் மாமா. ஆனா நான் சொன்னேன்னு வெச்சுக்காதீங்க" என்றீர்கள். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதல் பாதி காதிலேயே விழவில்லை. "ஆனான்னு சொல்றான் பாருங்க. வாய்விட்டுச் சொல்ல முடியாம தவிக்கிறான்" என்று செருப்பைக் கழற்றிவிட்டாள். மறுபடி நாள் வாங்கினால் அன்றைக்கும் ஆரஞ்சு. அதற்கடுத்த முறை மஞ்சள்தான், படியிறங்கிவிட்டோம், எதிர்வீட்டுத் தையற்காரர் ஓடி வந்து, "சிவப்பு போட்டுட்டாங்க!" என்றார். திரும்பிவிட்டோம். மருந்து தீர்ந்து பல நாளாகியிருந்தது, டாக்டரின் புதுச் சீட்டில்லாமல் கடைக்காரர் தர மாட்டேன் என்றுவிட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒரு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்ற ஒரே கேள்வியில் என்னை உட்காரவைத்துவிட்டாள். அவள் பயந்தது தனக்காக இல்லை, மாப்பிள்ளை.

போன வாரம் பச்சை போட்டீர்கள். போனோம். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். "இடது கண்ணுல நரம்பு போயிருச்சும்மா. போன பார்வை போனதுதான். இன்னொரு கண்ணைக் காப்பாத்தப் பாக்கலாம். ஏம்மா இவ்வளவு நாள் வரலை?" என்று கேட்டார். உங்கள் அக்கா, "என் தம்பி வெளிய போக வேண்டாம்னு சொல்லியிருந்தான் டாக்டர்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் தினமும் அந்த ரயில் நிலையத்தில் இறங்கித்தான் வேலைக்கு வருகிறாராம்.

இத்தனை நாளில் ஊரில் எதுவும் வெடிக்கவில்லை. நீங்கள் எச்சரித்ததால் வெடிக்கவில்லையா, எச்சரிக்காவிட்டாலும் வெடித்திருக்காதா? இது உங்களுக்கும் தெரியாது, உங்கள் மேலதிகாரிக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நிறம் பார்த்துப் போலீஸ்காரர் கூடுதலாக நாலு இடத்தில் நிற்கலாம், அது அவர்கள் பாடு. வீட்டில் இருக்கிற எங்களுக்கு அதை எதற்குக் காட்ட வேண்டும்? நாங்கள் எந்தக் குண்டைப் பிடிக்கப் போகிறோம்? பயப்படு என்று மட்டும் சொல்லி, என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால், மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்வார்கள். உங்கள் அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகையால் அந்தச் சதுரத்தை எடுத்துவிடும்படி உங்கள் மேலதிகாரியிடம் எப்படியாவது சொல்லுங்கள். நீங்கள் தட்டச்சு செய்கிறவராகவே இருந்தாலும் சொல்லுங்கள்.

நேற்று முன்கூடத்தில் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போது இடது பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டு, யாரோ தள்ளிவிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறாள். நான் இப்போது அவளுக்கு இடது பக்கமாகவே நடக்கிறேன்.

நீங்களும் உங்கள் குடும்பமும் எந்த நோய்நொடியும் இல்லாமல், நன்றாகத் தூங்கி எழுந்து, நெடுங்காலம் வாழ மனதார வாழ்த்துகிறேன். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வங்கிப் பை வரும் இடத்தில் நன்றாகச் சிரித்தாள். படித்து முடித்ததும், "அந்தச் சதுரத்தை எடுத்துட்டா தம்பிக்கு அங்க என்ன வேலை இருக்கும்? பிள்ளைங்க படிக்குதுங்க. நீங்க பாட்டுக்கு எதையாவது எழுதி அவன் பிழைப்பைக் கெடுத்துடாதீங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "கண்ணு விஷயத்தையும் அடிச்சுடுங்க. அவன் தாங்க மாட்டான்" என்றாள். அடிக்க உட்கார்ந்தால் முழுவதையும் அடிக்க வேண்டியிருக்கிறது, புதிதாக எழுத வீட்டில் தாளும் இல்லை. ஆகவே, மாப்பிள்ளை, மேலே கண்ட எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். அக்கா நன்றாக இருக்கிறாள்.