இருபதுக்குக் கீழே, நாற்பதுக்கு மேலே

அன்று பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். மூடுவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நூலகர் வாசலுக்கு ஓடிவந்து எதிர்க்கடைத் தையல்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போங்க."

"மெஷின்ல துணி மாட்டியிருக்கும்மா!"

"ஒரு கையெழுத்துதான். உங்க கடைக்கு எதிர்ல லைப்ரரி இருக்கணுமா, பூட்டின கட்டடம் இருக்கணுமா?"

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து கையெழுத்துப் போட்டார். இருபது.

நகர மன்றத்தைக் கலைத்து, அதன் அதிகாரங்களைப் பிராந்திய ஆணையத்திடம் ஒப்படைத்தது போன மாதம். முதல் நாளே நூலகத்துக்கு ஒரு வேன் வந்தது. இரண்டு பேர் இறங்கி முத்திரை, பெயர்ப்பலகை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாளே வாசல் சாவி மட்டும் தபாலில் திரும்பி வந்தது. கூடவே ஓர் உத்தரவு. தினமும் சராசரியாக இருபது பேர்கூட வராத நூலகம் பக்கத்து நகரத்து நூலகத்தோடு இணைக்கப்படும். நிரப்பி அனுப்ப ஒரு படிவமும் இருந்தது. அதில் இரண்டே கட்டங்கள்: தேதி, தலைகள்.

உத்தரவு வந்த இரவு நூலகருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஊரில் எதையும் வாங்காமல் ஒருவர் உட்காரக்கூடிய ஒரே அறை அதுதான். சிறுமியாக அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் பனி பெய்யும் ஊர்களுக்கெல்லாம் அவர் போய்வந்திருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா.

"அப்புறம்க்கா. எண்ணிக்கை விட்டுப்போயிடும்."

தையல்காரர் நல்ல மனிதர். கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து, தைத்து முடியாத துணிக்கு வந்தவர்களையெல்லாம் "அங்க போய் உட்காருங்க, கூப்பிடறேன்" என்று அனுப்பினார். அவரிடம் தைத்து முடிந்த துணி என்று எதுவும் எப்போதும் இருந்ததில்லை. முடிவெட்டும் கடைக்காரரும் அப்படியே செய்தார். இரண்டாம் மாதம் சராசரி ஐம்பத்து மூன்று. நூலகர் மகிழ்ச்சியில் மிதந்தார்.

ஆணையத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நாற்பதைத் தாண்டும் நூலகம் பிராந்திய நூலகமாக உயர்த்தப்படும். அடுத்த கணக்கெடுப்பிலும் இதே நிலை நீடித்தால் நாற்காலிகளோடு தலைமையகத்துக்கு மாற்றப்படும்.

 நூலகர் எழுந்து வாசலில் போய் நின்றார்.

"இன்னிக்குப் போதும். நாளைக்கு வாங்களேன்."

"எங்க லைப்ரரிக்கு நாங்க வரக்கூடாதா? யாரு சொன்னது?"

அதுவரை நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள்கூட ரோஷத்தோடு வந்தார்கள். அன்று எழுபத்தொன்று.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். "தெருவுக்கு இத்தனை பேர்னு முறை வச்சிடுவோம். ஒரு நாளைக்கு முப்பது பேர், தல எண்ணிக்கிட்டு."

அட்டவணை போட்டார்கள். மூலைவீட்டுக்காரர் எந்தத் தெருவில் சேர்த்தி என்று சண்டை வந்தது. அதைத் தீர்க்க ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் தங்களுக்கு இடமில்லை என்று பின்தெருக்காரர்கள் தனிக்குழு கேட்டார்கள்.

"உங்க தெருவே ஏழு வீடு. அதுக்கு ஒரு குழுவா?" என்றார் தையல்காரர்.

"ஏழு வீடுன்னா மனுஷங்க இல்லையா? நீங்க தச்சுக் குடுத்த சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே நீளத்துல இருந்தா அப்புறம் பேசுங்க!" என்றார் பின்தெருக்காரர் ஒருவர்.

தனிக்குழு கிடைத்தது. தினமும் முப்பது பேர் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து காரசாரமாக விவாதித்தார்கள். நூலகர் வரவுப் பதிவேட்டையும் கூட்டக் குறிப்பையும் மாற்றி மாற்றி எழுதினார். வேன் வருவதற்கு முந்தின நாள் எடுத்துவைத்த மொழிபெயர்ப்பு நாவல் அவர் மேசையில் முப்பத்தேழாம் பக்கத்திலேயே கிடந்தது. அதில் ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டு இன்னும் கிளம்பவில்லை.

"அம்மா, அந்த விஷயம்..." என்றார் அக்கா.

"அக்கா, நீங்க எந்தத் தெரு? இன்னிக்கு உங்க முறை இல்லைன்னா தலைய எண்ணிடப் போறாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மூன்றாம் மாதக் கடைசியில் ஆணைய அதிகாரி வந்தார். முப்பது பேரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இருமக்கூட இல்லை. அவர் இரண்டு முறை எண்ணினார். பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு குழுக்களின் கூட்டக் குறிப்புகளையும் படித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதிகாரத்த மக்கள் கிட்ட கொண்டுபோகணும்னு நாங்க அங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க இங்க செஞ்சே காட்டிட்டீங்க. இந்த லைப்ரரி எங்கயும் போகாது."

கையெழுத்துப் போட்டார். கைதட்டல் எழுந்தது. பின்தெருக்காரர் தையல்காரரைக் கட்டிக்கொண்டார். நூலகரின் கண்கள் கலங்கின. ஜன்னல் அதே இடத்தில்தான் இருந்தது. இனி அங்கேயேதான் இருக்கும்.

"வேற ஏதாவது தேவை இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

நூலகர் சுற்றிலும் பார்த்தார். நாற்காலி போதுமான அளவு இருந்தது. பதிவேட்டில் இன்னும் பக்கங்கள் இருந்தன.

"ஒண்ணும் வேண்டாம் சார். எல்லாம் இருக்கு."

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே அக்கா திரும்பினார்.

"சார், போனதும் மறக்காம அந்தச் சாக்குல இருக்கற அலமாரி சாவியக் கொஞ்சம் அனுப்பி வைங்க, மூணு மாசமா நான் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தொடைச்சுக்கிட்டிருக்கேன்."